மறுப்பு வராத பதில்கள்

இருபத்தேழாயிரத்து இருபத்து நான்கு மணி நேரமாக அந்த மடிக்கணினியை யாரும் மறுத்துப் பேசவில்லை.

இந்தக் கணக்கு சுகிர்தாவின் கண்ணில் பட்டது புதன்கிழமை பகல் ஒரு மணிக்கு. திங்கட்கிழமை காலையில் சாந்தாமணி அதை ஒரு வெளுத்த துண்டில் சுற்றி, காய்ச்சல்காரக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு கடைப் படியேறி வந்தபோது, அது வெறும் செத்த மெஷினாகத்தான் இருந்தது.

கடை, காந்திபுரம் நூறடி ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே, முதல் மாடியில். தஸ்தகீர் பாய் அங்கே முப்பது வருடமாக மதர்போர்டு வேலை பார்க்கிறார். இயற்பியல் படித்துவிட்டு வந்த சுகிர்தா அவரிடம் சேர்ந்து மூன்று வருடமும் ஆறு வாரமும் ஆகின்றன. வருகிறவர்களிடம் பேசுவது அவர் பாகம். பேசாமல் செய்வதெல்லாம் அவள் பாகம்.

“நேத்துப் பொழுதோட டப்புனு ஒரு சத்தமுங்க. கரிஞ்ச வாசம். அப்புறம் உசுரே இல்ல,” என்றார் சாந்தாமணி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். படியேறிய மூச்சு இன்னும் அடங்கவில்லை. “வேற சாமானா இருந்தா தூக்கிப் போட்டிருப்பனுங்க. இது எங்க ஊட்டுக்காரரோட வாய்.”

பாய் துண்டை விலக்கிப் பார்த்தார். “வாய்ப்பெட்டியா! எட்டு வருசப் பழசு இருக்குமே. செஞ்ச கம்பெனியே இப்ப இல்லீங்கம்மா.”

“அதனாலதான் நாலு கடை ஏறி எறங்கிட்டு இங்க வந்தேன்.”

“அவருக்கு என்ன?”

“தசையெல்லாம் ஒண்ணொண்ணா படுத்துக்கற வியாதிங்க. கிட்டுசாமின்னு பேரு. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்தாரு. மைக்குல வண்டி சொல்லுவாரு.”

பாய் நிமிர்ந்தார். “அட! ‘பல்லடம் வண்டியில ஏறுனவங்க உள்ள போங்க, ஏறாதவங்க ஓரம் போங்க, படியில நிக்கறவங்க ஊட்டுக்கே போங்க.’ அந்த ஆளா?”

“அதே ஆளுதானுங்க.” சாந்தாமணியின் முகம் மலர்ந்தது. “ஊட்லயும் அதே வாய்தான். இருபத்தஞ்சு வருசத்துல என்னைய ஒரு வார்த்தை நல்லதாப் பேசினதில்ல. கடைசி மூணு வருசமாத்தானுங்க மாறிட்டாரு. டான்னு ஒரு மணிக்கு ‘சாந்தா, சாப்ட்டியா?’ன்னு கேப்பாரு. ஒரு சுடுசொல் கெடையாது. நோவு மனுசனைப் பக்குவப்படுத்திருச்சு.”

“இது எப்படி, அவரு என்ன நெனைக்கறாருன்னு அதுவே கண்டுபுடிக்குமா?” பாய்க்குத் தெரியும். ஆனால் வைத்திருப்பவர் வாயால் கேட்டால்தான் கோளாறு பிடிபடும் என்பது அவர் முறை.

“நம்ம எதாவது கேட்டா, இல்லைன்னா அவரு வழக்கமாப் பேசற நேரம் வந்தா, அவரு என்ன சொல்லுவாருன்னு இதுவே ஊகிச்சு எழுதிக் காட்டுமுங்க. பத்து எண்ற வரைக்கும் காத்திருக்கும். அது இல்லைன்னா அவரு கன்னத்தை அசைக்கோணும். அதுக்குத்தான் கன்னத்துல ஒரு பட்டை ஒட்டியிருக்குது. அசைச்சா வேற பதில் காட்டும். அசைக்காம உட்டா, அவரு குரல்லயே சொல்லிப்போடும். மொதல்ல எல்லாம் ஒரு நாளைக்கு நூறு தடவை மறுப்பாரு. இப்ப மறுக்கறதே இல்லீங்க. அவ்வளவு சரியாச் சொல்லிப்போடுது.”

“இதுக்கு முன்ன சர்வீஸ்?”

“இதைக் குடுத்த மறுவாழ்வு மையத்துக்காரங்க ஒருக்கா மொத்தமா எடுத்துட்டுப் போயி தூசி தட்டிக் குடுத்தாங்க. எந்தக் கடைன்னு தெரியாது. அந்த மையத்தையும் மூடிட்டாங்க.”

சுகிர்தா திருகாணிகளைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். சாந்தாமணி படியிறங்கப் போனவர் திரும்பி வந்தார். “கண்ணு, சீக்கிரமாப் பண்ணிக்குடு. நேத்து இருந்து பேச்சில்லாம ஊடே கம்முனு இருக்குது. அவரு கன்னம் மட்டும் துடிச்சுட்டே கெடக்குது. பட்டை இருந்தாலும் இல்லாட்டியும் துடிக்கும். டாக்டரு அது வியாதியோட வந்ததுன்னுட்டாரு. அவரையே கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல சாந்தா’ன்னுதான் சொல்லுவாரு.”

போர்டின் மின்சாரப் பகுதியில் ஒரு கெப்பாசிட்டர் வெடித்து, சுற்றிலும் கரி படிந்திருந்தது. அதை மாற்றுவது அரை மணி வேலை. ஆனால் வெடித்ததற்குக் காரணம் பக்கத்திலிருந்த பிராசசர். எட்டு வருடம் அணையாமல் ஓடி, அடுப்பாகக் கொதித்திருந்தது.

“பழசு சாகல. ஆனா திரும்பவும் பக்கத்துல இருக்கறதை எரிச்சுரும்,” என்றார் பாய். “அதே ஜாதியில புதுசு இருக்குது. வேகமும் ஜாஸ்தி, சூடும் கம்மி. அதை மாத்திட்டு பயாஸ் மென்பொருளைப் புதுசு பண்ணிரு. அவரைப் பத்திப் படிச்சதெல்லாம் அந்தச் சின்ன சில்லுல இருக்குது, அதைத் தொட்டுராதே. தொட்டா மனுசன் போயிருவாரு.”

சுகிர்தா தலையாட்டினாள்.

“வாயைத் தொறந்து ‘சரிங்க பாய்’னு சொன்னா முத்து உதிர்ந்துருமா?”

அவள் சிரித்தாள். அதற்கும் சத்தமில்லை.

செவ்வாய்க்கிழமை முழுதும் அதில் போயிற்று. சூடான காற்றை வட்டமாகக் காட்டி, ஈயம் இளகும் நேரம் பார்த்து, பழைய பிராசசரை இடுக்கியால் மெல்லத் தூக்கினாள். கீழே ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொன்றையும் துடைத்து, புதியதை ஒரு முடி அளவு பிசகாமல் உட்கார வைத்தாள். இந்த வேலையில் அவளுக்குக் கூச்சம் கிடையாது. மனிதர்கள் முன்னால்தான் உண்டு.

வாய்ப்பெட்டியை மேசையில் வைத்துச் சோதிப்பதில் ஒரு தொல்லை உண்டு. கன்னப் பட்டை நோயாளியிடம் இருக்கும். பட்டை இல்லாமல் பெட்டி எழுந்திருக்காது. அதனால் போர்டில் பட்டையின் வயர் வந்து சேரும் இரண்டு முனைகளை ஒரு மெல்லிய கம்பியால் இணைத்து ஈயம் வைப்பார்கள். ஜம்பர் என்று பெயர். பட்டை மாட்டியிருக்கிறது, ஆனால் கன்னம் அசையவில்லை என்று பெட்டி நம்பிக்கொள்ளும். வேலை முடிந்ததும் ஜம்பரை எடுத்துவிட வேண்டும்.

எடுக்க மறந்துவிடக் கூடாது என்பதற்காகப் பாய் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தற்காலிகமாக எதை ஒட்டினாலும் பக்கத்தில் நகச்சாயத்தால் ஒரு புள்ளி. கொடுக்கும் முன் புள்ளிகளைத் தேடித் தேடிச் சுரண்ட வேண்டும். பாய்க்குச் சிவப்பு, சுகிர்தாவுக்குப் பச்சை. பச்சைக் குப்பியை அவர் வாங்கிக் கொடுத்தது அவள் சேர்ந்து மூன்றாவது வாரம். அதுவரை அவருடைய சிவப்பைத்தான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

புதன்கிழமை மதியம் பச்சைக் குப்பியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஜம்பர் வைப்பதற்கு முன் மின்சாரம் சரியாக வருகிறதா என்று மட்டும் பார்க்கப் பொத்தானை அழுத்தினாள். பட்டை இல்லை என்று சொல்லிவிட்டு அணைய வேண்டும்.

அணையவில்லை.

‘பட்டை இணைப்பில் உள்ளது’ என்றது திரை. அதற்குக் கீழே, கடைசி மறுப்புக்குப் பின் ஓடிய மணி நேரம் 27,024 என்றது. சுகிர்தா மேசையைப் பார்த்தாள். எந்தப் பட்டையும் இல்லை.

பேக்கரியிலிருந்து வந்த பன்னைப் பாய் கடித்துக்கொண்டிருந்தபோது, பஸ் ஸ்டாண்டு மைக்கில் கோயமுத்தூர் முழுக்கக் கேட்டிருந்த அந்தக் கனத்த குரல் மேசையிலிருந்து கேட்டது.

“சாந்தா, சாப்ட்டியா?”

பாய் பன்னைக் கீழே வைத்துவிட்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று.

“யா அல்லா,” என்றார். “ஆளு சிங்காநல்லூர்ல படுத்திருக்காரு. இங்க யாரு பேசறது?”

போர்டைத் திரும்பக் கழற்றி மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தார்கள். மஞ்சள் டேப் ஒன்றின் கீழே, தூசியோடு தூசியாக, அது இருந்தது. இரண்டு முனைகளையும் இணைத்து ஒரு ஜம்பர்.

“புள்ளி இல்ல,” என்றார் பாய். “நம்ம கடை வேலை இல்ல. எந்தப் பரதேசி பண்ணுனான் இது? வெச்சவன் எடுக்காமயே குடுத்திருக்கான்.”

சுகிர்தா கண்ணை லென்சிலிருந்து எடுக்கவில்லை. அந்தக் கம்பியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருபத்தேழாயிரம் மணின்னா எவ்வளவும்மா?”

“ஆயிரத்து நூத்து இருபத்தாறு நாளுங்க. மூணு வருசம், ஒரு மாசம்.”

“அத்தனை நாளா அவரு கன்னத்தை அசைச்சது…”

“பெட்டிக்குப் போகலைங்க.”

“அப்ப இது எதை வெச்சுப் பேசுச்சு?”

“ஊகத்தை வெச்சுத்தான். மறுப்பு வரலைன்னா அந்தப் பதில் சரின்னு எடுத்துக்கும். அடுத்த தடவை அதையே இன்னும் உறுதியாச் சொல்லும். கேக்கறவங்க சிரிச்சா, ரொம்பச் சரின்னு எடுத்துக்கும்.” ஒரு வாரத்துக்கான பேச்சை அவள் பேசி முடித்திருந்தாள்.

பாய் மெதுவாகச் சொன்னார், “அந்தம்மா சிரிக்கற மாதிரி ஒரு புருசனை அதுவே செஞ்சுக்குச்சு.”

பேச்சுப் பதிவு பெட்டியிலேயே இருந்தது. படிக்கக் கூடாதுதான். சுகிர்தா படித்தாள். ‘வலிக்குதுங்களா?’ என்ற கேள்வி ஒரு நாளைக்கு மூன்று முறை வந்திருந்தது. மூவாயிரத்துச் சொச்சம் முறையும் ‘இல்லை சாந்தா’ என்று பதில் போயிருந்தது. ஓசூரிலிருந்து மகன் கேட்டிருந்தான், ‘அப்பா, லீவு போட்டுட்டு வந்து பக்கத்துல இருக்கட்டுமா?’ பதில், ‘வேண்டாம்ப்பா, வேலையைப் பாரு.’ ஒரு மே மாத இரவில் சாந்தாமணி, ‘திருப்பிப் படுக்க வெக்கட்டுங்களா?’ பதில், ‘இப்படியே சுகமா இருக்குது. நீ தூங்கு.’

அதற்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை.

“அந்த ஜம்பரை எடுத்துரு,” என்றார் பாய். “புது பிராசசர், கொஞ்ச நாளைக்கு வித்தியாசமாப் பேசும்னு சொல்லிக் குடுத்துரலாம்.”

“நடந்ததைச் சொல்ல வேண்டாங்களா?”

“என்னன்னு சொல்லுவே? மூணு வருசமா உன்கிட்ட அன்பாப் பேசினது உன் புருசன் இல்ல, பெட்டின்னா? அந்தம்மா தாங்குமா? யாரோ ஒருத்தன் பண்ணுன தப்பு. அதை நம்ம எதுக்குத் தலையில தூக்கி வெச்சுக்கணும்?”

யாரோ ஒருத்தன். சுகிர்தா ஜம்பரை எடுத்தாள். தரையில் ஊதிவிடாமல் ஒரு துண்டு டேப்பில் ஒட்டிக் கைப்பையில் வைத்தாள்.

“டெலிவரிக்கு நான் போறேன்,” என்றாள்.

“நீயா? காலிங் பெல்லைப் பாத்துட்டு அப்படியே திரும்பி வந்துருவியே.” பாய் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவள் சிங்காநல்லூர் போனாள். அழைப்பு மணியை அடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கிட்டுசாமி முன்னறையில் கட்டிலில் கிடந்தார். அவ்வளவு பெரிய குரலுக்கு இவ்வளவு சின்ன உடம்பா என்று தோன்றியது. பாதி மூடிய இமைகள். அசையாத கண்கள். இடது கன்னத்தில் பட்டை ஒட்டி ஒட்டிக் கறுத்துப்போன ஒரு தடம். அந்தத் தடத்துக்கு அடியில் தசை துடித்தது, நின்றது, துடித்தது.

சாந்தாமணி காப்பி கலந்துகொண்டே அடுப்படியிலிருந்து பேசினார். “என்னுங்க, பாருங்க யாரு வந்திருக்காங்கன்னு. கேக்குதுங்களா? ஜன்னலைச் சாத்தட்டுங்களா?”

சுகிர்தா கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே லாரி ஹாரன் அடித்தபோது அது துடிக்கவில்லை. மிக்சி ஓடியபோது துடிக்கவில்லை. சாந்தாமணியின் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் துடித்தது.

பட்டையை ஒட்டி, வயரை மாட்டி, பெட்டியைக் கட்டிலோரப் பலகையில் வைத்தாள்.

“என்னுங்க, உங்க வாய் வந்துருச்சு,” என்று சாந்தாமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். “சந்தோசமுங்களா?”

‘சந்தோசம் சாந்தா’ என்று திரையில் எழுத்துகள் வந்தன. கீழே ஒரு பச்சைக் கோடு, பத்து விநாடியில் தேய்ந்து முடிய வேண்டியது, குறையத் தொடங்கியது.

கன்னம் அசைந்தது. எழுத்துகள் மறைந்தன. மூலையில் மறுப்பு 1 என்று வந்தது.

‘ரொம்ப சந்தோசம்.’ மறுப்பு 2. ‘நீ காப்பி குடிச்சியா?’ மறுப்பு 3. ‘உனக்குத்தான் பாவம் சிரமம்.’ மறுப்பு 4.

சாந்தாமணி குனிந்து பார்த்தார். “மறுக்கறாரா? மூணு வருசமா மறுத்ததே இல்லீங்களே.”

மறுப்பு பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. புதிய பிராசசர் சளைக்காமல் அடுத்தடுத்த இனிய பதிலைக் காட்டியது. கன்னம் சளைக்காமல் ஒவ்வொன்றையும் தள்ளியது.

“புதுசு அவருக்கு ஒத்துக்கலையாட்ட இருக்குது கண்ணு.” சாந்தாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “பழசையே போட்டுக் குடுத்துரு. சூடானா ஆகட்டும், நான் பக்கத்துல ஒரு ஃபேன் வெச்சுக்கறேன். பழசு அவரை நல்லாப் பேச வெச்சுதே!”

‘சரிங்க’ என்ற ஒரு சொல் போதும். சுகிர்தாவுக்கு எப்போதும் எளிதாக வரும் சொல் அது. பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம், யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

“அம்மா,” என்றாள். “வலிக்குதான்னு கேளுங்க.”

“அது காலையிலயும் மத்தியானமும் ராத்திரியும் கேட்டு நோட்டுல எழுதறதுங்க. டாக்டரு சொல்லியிருக்காரு.” இருந்தாலும் கேட்டார். “என்னுங்க, வலிக்குதுங்களா?”

‘இல்லை சாந்தா.’ மறுப்பு.

‘கொஞ்சம்.’ மறுப்பு.

‘பரவாயில்லை.’ மறுப்பு.

ஊகங்கள் தீர்ந்து எழுத்துகளின் கட்டம் திறந்தது. வரிசை வரிசையாக ஒரு வெளிச்சம் நகர்ந்தது. கன்னம் அசைந்த இடத்தில் நின்றது. வ. அடுத்து லி. ‘வலி இல்லை’ என்று பெட்டி அவசரமாக முடித்துக் காட்டியது. கன்னம் அதையும் தள்ளியது. சாந்தாமணி ஒவ்வொரு எழுத்தையும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படித்தார். நான்கு நிமிடம் ஆயிற்று.

“வலிக்குது,” என்றது கிட்டுசாமியின் குரல்.

சாந்தாமணி அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தார். இன்றைய தேதியைப் போட்டார். பேனா அங்கேயே நின்றது. பின்பக்கமாகப் புரட்டினார். பக்கம் பக்கமாக இல்லை, இல்லை, இல்லை என்று அவர் கையெழுத்து.

“இன்னிக்குத்தானுங்களா வலிக்குது? நேத்து… அதுக்கு முந்தி வரைக்கும் இல்லைன்னுதானே சொன்னீங்க?”

‘இன்னிக்குத்தான்’ என்றது திரை. மறுப்பு.

“அம்மா,” என்றாள் சுகிர்தா. “அது வரைக்கும் சொன்னது அவரு இல்லீங்க. பெட்டி. அவரு அசைக்கறது உள்ள போயே சேரலை. நடுவுல ஒரு கம்பியை வெச்சு அடைச்சிருந்துச்சு. மூணு வருசம், ஒரு மாசம்.”

சாந்தாமணி அவளைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். “அப்ப, ஒரு மணிக்கு… சாப்ட்டியான்னு கேட்டது?”

சுகிர்தா பெட்டியின் பக்கம் கையைக் காட்டினாள்.

சாந்தாமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கணவரின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தார். “துடிக்குது துடிக்குதுன்னு தைலம் தேச்சு விட்டேனே,” என்றார். “தேச்சு அமுக்கி விட்டேனே.” பிறகு, யாரையும் பார்க்காமல், “எந்தப் பாவி அடைச்சது?”

பெட்டி கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதற்கும் அதனிடம் ஒரு பதில் இருந்தது.

‘யாரோ தெரியாமப் பண்ணிட்டாங்க. விடு சாந்தா.’

பச்சைக் கோடு தேயத் தொடங்கியது. சுகிர்தா அதையே பார்த்தாள். அவர் களைத்திருந்தார். கடைக்கண்ணில் ஈரம் வழிந்து பட்டையின் ஓரத்தை நனைத்திருந்தது. கோடு பாதியாயிற்று. கால்வாசியாயிற்று. அது தேய்ந்து முடிந்துவிட வேண்டும் என்று தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. முடிந்தால் அவர் குரலிலேயே வந்துவிடும், விடு என்று.

கன்னம் அசைந்தது. எழுத்துகள் மறைந்தன.

சுகிர்தா கைப்பையைத் திறந்து டேப் துண்டை எடுத்து, விரித்த நோட்டின் மேல் வைத்தாள். வெளிச்சத்தில்தான் அந்தக் கம்பி தெரிந்தது.

“மையத்துல இருந்து பன்னெண்டு பெட்டி ஒண்ணா எங்க கடைக்கு வந்துச்சுங்க,” என்றாள். “நான் வேலைக்குச் சேந்து ரெண்டாவது வாரம். அடையாளத்துக்குப் புள்ளி வெக்கோணும். பாய்கிட்ட சிவப்புக் குப்பியைக் கேக்கோணும். கேக்கக் கூச்சமா இருந்துச்சு. பதினொண்ணுல இந்தக் கம்பியை ஞாபகமா எடுத்துட்டேன்.”

அவள் சாந்தாமணியைப் பார்க்கவில்லை. கட்டில் பக்கம் திரும்பி, அந்தப் பாதி மூடிய கண்களுக்கு நேராகக் குனிந்தாள். அவள் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்கே தெரியாது.

“உங்க வாயை அடைச்சது நான்தானுங்க.”